வண்டியை யாரிடம் விடுவது?

வண்டி வாங்க யோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. வாங்கிய வண்டியில் பழுது கண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்டாலோ அந்த ஆயிரம் பேரும் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். "கம்பெனிப் பட்டறைக்கே கொண்டுபோங்கள்; பணம் போனாலும் கவலை இல்லை" என்பார் ஒருவர். "அங்கே போனால் தோலை உரித்துவிடுவார்கள், நமக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார்" என்பார் மற்றொருவர். இருவரும் நம் நன்மையைக் கருதியே சொல்கிறார்கள். ஆயினும் எவர் சொல் எப்போது பொருந்தும் என்பதை நாம்தான் ஆராய்ந்து தெளிய வேண்டும். நம் சங்கத்து அன்பர்கள் பலர் இப்பொழுது சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் குடும்பத்தோடு அதிலேயே ஊருக்குப் போய்வரும் வழக்கமும் பெருகியிருக்கிறது. ஆதலால் நம் வீட்டு அனுபவம் ஒன்றை இங்கே எழுதுவது பயன்படக்கூடும் என்று எண்ணுகிறோம்.

நம்முடையது ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்தது. புனேயில் ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் இடத்தின் அலுவலகத்தில் பதிவேடுகள் எழுதுவது நம் வேலை. ஸ்பானரைப் பிடித்து ஒரு போல்ட்டைத் திருகிய பழக்கமும் நமக்கில்லை. ஆனால் எந்தப் பெட்டிக்கு எந்தத் தேதியில் என்ன வேலை செய்தார்கள், செய்தவர் யார், பார்த்துக் கையெழுத்திட்டவர் யார் என்று நாள்தோறும் எழுதிவருவதால், இயந்திர வேலையை எங்கிருந்து பார்க்கவேண்டும் என்பது ஓரளவு தெரியும். அந்த அறிவே நம் தம்பியின் கார் விஷயத்தில் கைகொடுத்தது.

தம்பி ஹிஞ்சவடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறான். 2021-ஆம் ஆண்டு அவன் ஒரு கார் வாங்கினான். புதியது அன்று, ஐந்தாண்டு ஓடி, வாரண்டி முடிந்த வண்டி. ஆனால் சாதாரணக் கார் அன்று, வேக வகையைச் சேர்ந்தது. சிறு வயதிலிருந்து அதன் மேல் அவனுக்கு ஆசை. வண்டியின் பெயரையும், பின்னால் வரப்போகும் பட்டறைகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஒருவரைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று.

வேக வகைக் கார் என்றால் என்ன என்று சில அன்பர்கள் கேட்கலாம். நம் நாட்டில் அவ்வகை வண்டிகள் குறைந்த அளவிலேயே விற்றிருக்கின்றன. 2015-இல் வந்த அபார்த் புன்டோ 145 குதிரைத்திறன் உடையது. 2020-இல் ஆக்டேவியா ஆர்.எஸ். 245 என்ற வண்டி இருநூறே இருநூறு இங்கே விற்பனைக்கு வந்தது. அதன் குதிரைத்திறன் பெயரிலேயே இருக்கிறது. இத்தகைய வண்டிகளுக்கு எஞ்சின் வலிமை மிக்கது என்பதை எல்லாரும் அறிவர். சாலையில் உண்மையாக உணரத்தக்க வேறுபாடு எஞ்சினுக்கு அப்பால், வண்டியின் அடியில் இருக்கிறது. சாதாரணக் காரைவிட ஸ்பிரிங் குட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கும். உடல் தரையை நெருங்கி நிற்கும். டயரின் பக்கச் சுவர் மெல்லியதாக இருக்கும். வேகமாக வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. நல்ல சாலையில் அது சுகம். குழி நிறைந்த சாலையிலோ ஒவ்வோர் அடியும் நேராக வண்டியின் மூட்டுகளில் போய் விழும். அம்மா முதல் நாள் அதில் ஏறி ஸ்வார்கேட் வரை போய்வந்து, "ஊரில் கட்டை வண்டியிலாவது வைக்கோல் பரப்புவார்கள்" என்றார்கள். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது.

சக்கரத்தையும் வண்டியின் உடலையும் இணைக்கும் உறுப்புகளின் தொகுதிக்குத்தான் சஸ்பென்ஷன் என்று பெயர். அதில் தலைமையானவை இரண்டு. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். குழியில் விழுந்தால் அமுங்கி மீளும். அது மட்டும் இருந்தால் வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் குழாயினுள்ளே எண்ணெய் இருக்கிறது. எண்ணெயில் சிறு துளைகள் உள்ள ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. துளைகளின் வழியே எண்ணெய் நெருங்கிப் புகும்போது ஆட்டத்தின் விசை வெப்பமாக மாறிக் கழிகிறது. இவற்றைத் தவிர, சக்கரத்தைப் பிடித்து நிற்கும் கீழ்க்கரத்தைப் பட்டறைகளில் லோயர் ஆர்ம் என்பார்கள். அதன் ஒரு முனையில் பால் ஜாயிண்ட். மறுமுனை சட்டத்தோடு சேருமிடத்தில் ரப்பர் புஷ். ஷாக் அப்சார்பரின் தலையில் ரப்பர் மவுண்டிங். சத்தம் பெரும்பாலும் இந்தச் சிறிய உறுப்புகளிலிருந்துதான் எழும். பழியோ பெரிய உறுப்புகளின் மேல் விழும்.

ரயில் பெட்டியிலும் இதே தத்துவம்தான். பெரம்பூர்த் தொழிற்சாலை 1955-இல் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் செய்த பெட்டிகளில், சுருள் ஸ்பிரிங்குகளின் நடுவே எண்ணெய் நிறைந்த குழாய்கள் அமைந்திருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. வகைப் பெட்டிகளின் அடியிலுள்ள சக்கரச் சட்டத்துக்கு ஃபியட் போகி என்றே பெயர். கார் உலகம் அறிந்த அதே இத்தாலியப் பெயர்தான். பணிமனையில் ஸ்பிரிங்குகளைச் சோதனைப் பாரத்தின் கீழ் அமுக்கி, உயரத்தை அளந்து, வகை வகையாகப் பிரிப்பார்கள். ஒரு போகியில் ஒரே வகை ஸ்பிரிங்தான் போடவேண்டும். ஒன்று உயரமும் ஒன்று குட்டையுமாகப் போட்டால் பாரம் கோணலாக விழும். இந்த வகைக் குறியீடுகளை எழுதி எழுதி, அளவு என்பது எத்தனை பெரிய விஷயம் என்பதை நாம் அறிந்துகொண்டோம்.

இனி நடந்ததைச் சொல்லுகிறோம். 2023 பிப்ரவரியில் தம்பியின் வண்டி முன்பக்கத்தில் "டக், டக்" என்று ஒலிக்கத் தொடங்கியது. வேகத்தடையின் மேல் மெதுவாக ஏறினால் அதிகம் கேட்டது. அவன் நேரே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குக் கொண்டுபோனான். கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று, காப்பி, நாற்காலி, எல்லாம் ஒழுங்கு. கீழ்க்கரங்களின் புஷ்களை மாற்றி, வீல் அலைன்மெண்ட் செய்து, 38,400 ரூபாய்க்குப் பில் கொடுத்தார்கள். சத்தம் நின்றது. தம்பியும் நிம்மதி அடைந்தான்.

மழைக்காலம் கழிந்தது. அக்டோபரில் அதே சத்தம் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்திருந்தது. மறுபடியும் அதே பட்டறை. இம்முறை கொடுத்த மதிப்பீடு 1,46,000 ரூபாய்: நான்கு ஷாக் அப்சார்பர்கள், இரண்டு கீழ்க்கரங்கள், கூலி. அப்பொழுது தம்பிக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திருநெல்வேலியில் முகூர்த்தம். புனேயிலிருந்து அம்மா, நாங்கள் இருவர், நம் மகள், தம்பி என ஐந்து பேரும் அந்த வண்டியிலேயே போவதாக ஏற்பாடு. 1,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. கல்யாணச் செலவுக்கென ஒதுக்கியிருந்த பணத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சத்தை எடுத்துவிட்டால், மண்டபத்துக்கும் சமையலுக்கும் கடன் வாங்க வேண்டும். எடுக்காமல் விட்டாலோ, கம்பத்கி மலைப்பாதையில் இறங்கும்போது ஐந்து உயிர்களுக்கு அந்த மூட்டுதான் பொறுப்பு. "கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள் அண்ணா, எப்படி மறுப்பது?" என்று தம்பி கேட்டான்.

மதிப்பீட்டுத் தாளோடு நாமும் அவனுடன் போனோம். கேட்டவை மூன்றே கேள்விகள். பிப்ரவரியில் செய்த அலைன்மெண்ட்டின் அளவுத் தாள் எங்கே? நான்கு ஷாக் அப்சார்பர்களில் எதில் எண்ணெய் கசிகிறது? ஏழு மாதத்துக்கு முன் போட்ட புஷ் என்ன ஆயிற்று? மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். "சிஸ்டத்தில் இப்படித்தான் வருகிறது சார்" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டிகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். வண்டியின் அடியில் படுத்து வேலை செய்தவர் வேறு ஒருவர். அவரை வண்டிக்காரர் காணவும் முடியாது. வண்டிக்காரர் சொன்ன சத்தம் இளைஞரின் காதில் விழுந்து, கணினியில் ஒரு வரியாகி, தொழிலாளியிடம் ஒரு பட்டியலாகப் போய்ச் சேருகிறது. அந்த வழியில் சத்தம் தொலைந்துபோய்ப் பட்டியல் மட்டும் மிஞ்சுகிறது. அளவுத் தாள் கிடைக்கவில்லை. மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கொடுக்காமல் திரும்பினோம்.

நம் அலுவலகத்து மராட்டிய நண்பர் ஒருவர் பிம்பிரியில் ஒரு பட்டறையைச் சொன்னார். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் வேலை மட்டும் செய்யும் இடம். உரிமையாளருக்கு அறுபது வயது இருக்கும். கார்த் தொழிற்சாலை ஒன்றில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைக் 'காகா' என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். எட்டு நாள் காத்திருந்துதான் முறை கிடைத்தது. குளிர்ந்த காற்று அங்கே இல்லை. உட்காருவதற்கு ஒரு பழைய பெஞ்சு இருந்தது.

காகா முதலில் வண்டியைத் தூக்கவில்லை. தம்பியை ஓட்டச் சொல்லி அருகில் அமர்ந்து, குழியுள்ள தெருவாகப் பார்த்து இரண்டு சுற்று போய்வந்தார். பிறகு டயரின் மேற்பரப்பைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையால் தடவினார். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்போலவும் தட்டுப்பட்டால் சக்கரங்கள் நேர்கோட்டில் இல்லை என்று பொருள் என்றார். வண்டியின் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையை அவர் செய்யவில்லை. "இறுக்கமான ஸ்பிரிங் உள்ள வண்டியில் அது எதையும் சொல்லாது சாஹேப்" என்றார். அதன் பின்னரே லிஃப்டில் தூக்கி, கடப்பாரையின் முனையால் ஒவ்வொரு மூட்டையும் நெம்பிப் பார்த்தார்.

கண்டது இது. பின்புற ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் உலர்ந்து நல்ல நிலையில் இருந்தன. முன்பக்கம் இடப்புறத்ததில் எண்ணெய் வழிந்திருந்தது. அதன் தலையிலுள்ள மவுண்டிங் ரப்பர் நசுங்கியிருந்தது. கீழ்க்கரங்களின் இரும்புக்குச் சேதமில்லை. பால் ஜாயிண்ட்டும் உறுதியாக இருந்தது. ஆனால் ஏழு மாதத்துக்கு முன் போட்ட புஷ்கள் இரண்டும் வட்டமாகக் கிழிந்திருந்தன.

புதிய ரப்பர் ஏழு மாதத்தில் கிழிவானேன்? அதற்குக் காகா சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. புஷ் என்பது இரும்புக் குழாய்க்குள் இரும்புக் குழாய். இடையில் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு அசையாமல் நின்றுவிடும். கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடங்கொடுக்கிறது. ஆகவே, வண்டி தன் பாரத்தோடு தரையில் நிற்கும் நிலையில் ரப்பர் முறுக்கமின்றி இருக்க வேண்டும். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் கீழே தொங்கும்போதே போல்ட்டை இறுதியாக இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். வண்டியை இறக்கிய கணத்திலிருந்து அது இரவும் பகலும் முறுகியே நிற்கும். குழியில் விழும்போது மேலும் முறுகும். காகா தம் சட்டைக் கையின் நுனியை மறுகையால் பற்றிக்கொண்டு முழங்கையைத் திருப்பிக் காட்டினார். துணி தோளருகே இழுபட்டது. "தையல் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார். தூக்கிய நிலையில் இறுக்குவது எளிது. கை நன்றாக எட்டும். பத்து நிமிஷம் மிச்சம். அந்தப் பத்து நிமிஷந்தான் 38,400 ரூபாயை விழுங்கியது.

அவர் செய்த வேலை: முன் ஷாக் அப்சார்பர் இரண்டு, மவுண்டிங் இரண்டு, புஷ் இரண்டு. வலப்புற ஷாக் அப்சார்பர் கெடவில்லையே என்றதற்கு, ஓர் அச்சில் இரண்டும் ஒன்றாகவே மாற்ற வேண்டும், ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும் என்றார். நம் பணிமனையின் ஸ்பிரிங் வகைக் கணக்கு நினைவுக்கு வந்தது, மறுபேச்சில்லை. மறுமுறை பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டார். சக்கரங்கள் பாரத்தைத் தாங்கி நிற்க, வண்டியின் அடியில் குனிந்து, டார்க் ரெஞ்சால் அளவு பார்த்து இறுக்கினார். நான்கு மூலைகளிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக் கொடுத்தார். அலைன்மெண்ட்டுக்கு முன்னும் பின்னும் அச்சிட்ட இரண்டு தாள்களைக் கொடுத்தார். கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு சாக்கில் போட்டு டிக்கியில் வைத்தார். பில் 52,700 ரூபாய். எழுதிய தாளின் அடியில் தம் பெயரை ஒப்பமிட்டார்.

தம்பிக்கு இன்னொரு ஆசை இருந்தது. இன்னும் குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியை மேலும் தாழ்த்த வேண்டும் என்று கேட்டான். காகா சிரித்தார். "ஐந்து பேர், பெட்டிகள், தமிழ்நாடு வரை பயணம். முதல் பெரிய குழியிலேயே ஸ்பிரிங் முழுக்க அமுங்கி அடியில் இடிக்கும். எனக்கு லாபம்தான், உனக்கு வேண்டாம் பேட்டா" என்று மறுத்துவிட்டார். கிடைக்கும் பணத்தை வேண்டாமென்று சொல்லும் மனிதரிடம் வண்டியை விட்டுவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அன்று தோன்றியது.

இத்தனையும் படித்துவிட்டுக் கம்பெனிப் பட்டறைகள் எல்லாம் தவறு, தனிப் பட்டறைகள் எல்லாம் சரி என்று அன்பர்கள் முடிவு கட்டிவிடக்கூடாது. காகாவே நம்மைக் கம்பெனிப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பினார். வண்டியின் சேஸிஸ் எண்ணைப் பார்த்து, வேறோர் உறுப்புக்குக் கம்பெனி திரும்ப அழைப்பு விடுத்திருக்கிறது, போய் இலவசமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். தம்பி போனான். அதே பட்டறையில் அதே நாளில், ஒரு காசு வாங்காமல், குறையில்லாமல் செய்து கொடுத்தார்கள். 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. 2021 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அவ்வகை வேலைகள் கம்பெனியின் கடமை. அங்கேதான் போக வேண்டும். வாரண்டி உள்ள வண்டி, கம்பியூட்டரால் கட்டுப்படும் மின்னணு ஷாக் அப்சார்பர் உள்ள வண்டி, விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் பணம் நேராகப் பட்டறைக்குப் போகவேண்டிய வண்டி ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் அதுவே ஏற்ற இடம்.

"வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும்" என்ற அச்சம் பலருக்கு உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார்க் கம்பெனிகள் மீது சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி உறுப்புகளும் சோதனைக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றம். வெளியே பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த ஆணை கூறியது. வழக்கு பின்னர் மேல்முறையீட்டுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. கார்களும் அதில் அடங்கும். ஆயினும் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் வீண் வழக்கைத் தேடிக்கொள்வானேன்? அதுவரை கம்பெனியிடமே விடுவது அமைதி. கையேட்டின் வாரண்டிப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுவது அதனினும் அமைதி.

மறுபுறம், 'ஸ்பெஷலிஸ்ட்' என்று பலகை மாட்டியவர் எல்லாரும் காகா அல்லர். கேட்டுப் பார்க்க நான்கு கேள்விகள் உண்டு. புஷ் போல்ட்டை எந்த நிலையில் இறுக்குவீர்கள்? அலைன்மெண்ட்டுக்கு முன்னும் பின்னும் அச்சிட்ட தாள் தருவீர்களா? பழைய உறுப்புகளைத் திருப்பித் தருவீர்களா? போடப்போகும் உறுப்பு எந்தக் கம்பெனியுடையது? முதல் கேள்விக்கு "எப்படி இறுக்கினால் என்ன சார்?" என்று பதில் வந்தால், வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். இந்தக் கேள்விகளைக் கம்பெனிப் பட்டறையிலும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உறுப்பின் பெட்டி மேல் கார்க் கம்பெனியின் முத்திரை இருந்தாலும், உள்ளே இருப்பதைச் செய்தவர் பெரும்பாலும் வேறொருவர். ஷாக் அப்சார்பர் செய்வதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் உண்டு. 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியாவுக்கு நம் புனேயை அடுத்த சாக்கனிலும் ஆலை இருக்கிறது, நாம் ஊருக்குப் போகும் வழியிலுள்ள ஓசூரிலும் ஆலை இருக்கிறது. நம்பத்தக்க கடையில் பில்லோடு வாங்கிய உறுப்பாக இருப்பதே முக்கியம். போலிச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். அதன் விலையைச் சாலை பின்னர் வசூலிக்கும்.

வெளியூரில் வாழும் நமக்கு இன்னுமொரு சங்கடம் உண்டு. பில் ஆங்கிலத்தில் வருகிறது. பட்டறைப் பேச்சு மராட்டியிலோ இந்தியிலோ நடக்கிறது. சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று, செய்தது ஒன்று என்று ஆவதற்கு இடம் அதிகம். இதற்கு எழுத்தே துணை. ஒவ்வொரு ரயில் பெட்டியின் முனைச் சுவரிலும், கடைசியாக எந்தப் பணிமனையில் எந்தத் தேதியில் முழுப் பழுதுபார்ப்பு நடந்தது, அடுத்து எப்பொழுது திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கும். பிளாட்பாரத்தில் நிற்கும் எவரும் படிக்கலாம். அந்த இரண்டு வரி இருப்பதால், பெட்டி எந்த ஊரில் நின்றாலும் அங்கே உள்ளவர் அதன் சரித்திரத்தை அறிவார். செய்தவரும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

தம்பியின் வண்டிக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போட்டுக் கொடுத்தோம். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, செய்தவர் பெயர், போட்ட உறுப்பு, நான்கு மூலை உயரம், அலைன்மெண்ட் அளவுகள், டயர்க் காற்று. ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. பெரிய குழியில் விழுந்தால் அதற்கும் ஒரு வரி. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, நீண்ட பயணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒருமுறை அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லவேண்டும். புறப்படும் நாளில் பார்க்கச் சொன்னால், கண்ட பழுதைச் சரிசெய்ய நாள் இருக்காது. ஐந்து பேரும் சாமான்களும் ஏறும்போது டயர்க் காற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். அந்த அளவுக்கு ஏற்றிக்கொண்டு, ஊர் போய்ப் பாரம் இறங்கியதும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2024 தை மாதத்தில் அந்த வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்தோம். கிருஷ்ணகிரி வரை 48-ஆம் எண் நெடுஞ்சாலை, அதன் பின் 44-ஆம் எண். வண்டி சத்தமின்றி ஓடியது. அம்மா மட்டும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தார்கள். கல்யாணம் கடனின்றி நடந்தது. ஊரிலிருந்து திரும்பியதும் நோட்டுப் புத்தகத்தில் உயரங்களை மறுபடி அளந்து எழுதினோம்; ஒரு மில்லிமீட்டரும் மாறவில்லை.

கம்பெனிப் பட்டறையா, தனிப் பட்டறையா என்ற கேள்வி நம் மட்டில் இவ்வாறு தெளிந்தது: அளந்து செய்கிறவர், செய்ததை எழுதிக் கொடுக்கிறவர், எழுதியதன் கீழ்த் தம் பெயரைப் போடுகிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே வண்டியை விடலாம். அவர் கண்ணாடிச் சுவருக்குள்ளும் இருக்கலாம், தகரக் கூரையின் கீழும் இருக்கலாம். அத்தகையவரைக் கண்டறிந்த அன்பர்கள் நம் சங்க அலுவலகத்தில் அவர் இருக்கும் இடத்தையும், அவர் செய்த வேலையையும், ஆன செலவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்களானால், காரியதரிசியின் சம்மதத்தோடு அவற்றையெல்லாம் ஒரே நோட்டில் சேர்த்தெழுதி வாசகசாலையில் வைக்க நாம் சித்தமாயிருக்கிறோம். அடுத்த பொங்கலுக்கு ஊர் புறப்படும் ஒரு குடும்பத்துக்காவது அது பயன்படும்.